சேதாரத்தில் அல்ல, வைரக் கல்லின் விலையில் பேரம் பேசுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழில் தினமும் தங்கம் விலை போடுகிறீர்கள், அதைப் பார்த்துவிட்டுத்தான் எங்கள் வீட்டில் தி.நகருக்கே கிளம்புவோம். வைரத்துக்கு அப்படிப் போட முடியாது. நிறம், தெளிவு, பட்டை தீட்டிய விதம், எடை எல்லாம் சேர்ந்து கல்லுக்குக் கல் விலை மாறும். கடைக்காரர் சொல்வதுதான் விலை என்று ஆகிவிடுவது இதனால்தான்.

போன மாதம் அண்ணன் மகள் கல்யாணத்துக்கு ஏழுகல் வைரத் தோடு பார்க்க உஸ்மான் சாலையில் ஒரு கடைக்குப் போனோம். விற்பனையாளர் கால்குலேட்டரில் என்னென்னவோ தட்டி, கடைசியில் ஒரே ஒரு தொகையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். "சேதாரத்துல பாதி தள்ளுபடி மேடம், இன்னைக்கு மட்டும்தான்" என்றார். அண்ணிக்கு ரொம்ப சந்தோஷம். "தங்கம் எத்தனை கிராம், கல் எத்தனை சென்ட், காரட் என்ன ரேட்டு, எல்லாத்தையும் தனித்தனியா எழுதிக் கொடுங்க தம்பி" என்று கேட்டேன். எழுதி வந்த எஸ்டிமேட்டைப் பார்த்தால், தோட்டின் மொத்த எடைக்கும் தங்க விலை போட்டு, அதற்கு மேல் கல்லுக்கும் தனியாக விலை போட்டிருந்தார்கள். வைர எடையில் ஒரு காரட் என்பது 100 சென்ட், அதாவது 200 மில்லிகிராம். ஜோடிக்கு 14 கல், கல்லுக்கு 5 சென்ட் என்றால் மொத்தம் 70 சென்ட், அதாவது 140 மில்லிகிராம். அந்த எடைக்குத் தங்க விலையும் கொடுத்து, வைர விலையும் கொடுத்து, சேதாரமும் கொடுத்து, எல்லாவற்றுக்கும் சேர்த்து 3 சதவீதம் ஜிஎஸ்டியும் கட்ட வேண்டுமாம்! சுட்டிக்காட்டியதும் மறுபேச்சு இல்லாமல் குறைத்தார்கள். கேட்காதவர்களுக்குக் குறைப்பார்களா?

இதைவிடப் பெரிய விஷயம் காரட் ரேட்டு. சேதாரத்தில் எவ்வளவு குறைத்தாலும் கல்லின் ரேட்டில் ஏற்றி எடுத்துவிடலாம். 70 சென்டில் ஒற்றைக் கல்லுக்கு உள்ள காரட் விலை வேறு, 5 சென்ட் பொடிக்கற்கள் பதினாலுக்கு உள்ள காரட் விலை வேறு, பொடிக்கு நன்றாகவே குறைவு. அதனால் "இந்த சைஸ் கல்லுக்குக் காரட் என்ன" என்று கேட்டு, அதே தரத்துக்கு இன்னும் இரண்டு கடைகளில் விசாரித்துவிட்டு அப்புறம் பேரம் பேசுங்கள். ஒற்றைக் கல் மோதிரம் என்றால் முழு ஒரு காரட் வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம், 90 சென்டுக்கு விலை சட்டென்று இறங்கும், விரலில் போட்டால் வித்தியாசம் தெரியாது.

வைரத்தின் தரத்துக்கான சர்டிஃபிகேட் ஜிஐஏ, ஐஜிஐ மாதிரி வெளி ஆய்வகம் கொடுத்ததா என்று பாருங்கள். விற்கிற கடையே அச்சடித்துத் தரும் அட்டையை நம்பி "இஎஃப் கலர், விவிஎஸ்" (நிறமற்ற, குறை மிக மிகக் குறைவான உயர்தரக் கல்) விலை கொடுக்காதீர்கள். தோட்டில் உள்ள ஹால்மார்க் எண் தங்கத்தின் தூய்மைக்குத்தான், வைரத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. கல்லுக்கு அடிப்பக்கம் மூடிய வேலைப்பாடு என்றால் கல்லைச் சரியாகப் பார்க்கவே முடியாது. இப்போது ஆய்வகத்தில் வளர்க்கும் சிவிடி வைரமும் சந்தையில் நிறைய வருகிறது. அதுவும் வைரம்தான், ஆனால் விலை பல மடங்கு குறைவு. கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது, கடையில் வைத்து அழுத்திக் காட்டும் சாதாரண டெஸ்டர் பேனா இரண்டையும் வைரம் என்றுதான் காட்டும். எனவே "இயற்கை வைரம்" என்று பில்லில் எழுதி வாங்குவது முக்கியம்.

திருப்பிக் கொடுத்தால் என்ன கிடைக்கும் என்பதையும் வாயால் சொன்னதோடு விடாமல் பில்லில் எழுதச் சொல்லுங்கள், பில் தொகையில் இத்தனை சதவீதமா, அன்றைய கல் விலையிலா என்று தெளிவாக. அவசரத்துக்கு அடகு வைக்கப் போனால் கல்லின் எடையைக் கழித்துவிட்டுத் தங்கத்துக்கு மட்டும்தான் கடன் தருவார்கள். பில் தர மறுத்தாலோ ஏமாற்றினாலோ 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். கல்யாண சீசனில் "காரட்டுக்கு இத்தனை ஆயிரம் தள்ளுபடி" என்று முழுப்பக்க விளம்பரங்கள் வருகின்றன. எந்தத் தரக் கல்லுக்கு, எந்த விலையிலிருந்து தள்ளுபடி என்பதையும் அதே பக்கத்தில் போடச் சொல்லி விளம்பரதாரர்களிடம் தயவுசெய்து கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மேற்கு மாம்பலம், சென்னை