திருப்பி அனுப்பியவர்களுக்கு முதல் நன்றி

அன்புடையவர்களுக்கு,

போன வியாழக்கிழமை மாலை ஆய்வுக்கூடத்தைப் பூட்டிக்கொண்டிருந்தபோது அந்த மின்னஞ்சல் வந்தது. எங்கள் கல்லூரி மாணவர்கள் கட்டிவரும் சின்னச் செயற்கைக்கோளுக்கு அலைவரிசை ஒருங்கிணைப்பு முடிந்தது, அதாவது மற்றவற்றோடு மோதாமல் அது எந்த எண்ணில் பேசலாம் என்று முடிவாகிவிட்டது என்று இரண்டே பத்தியில் எழுதியிருந்தார்கள். கோத்தகிரியில் அப்போது மேகம் இறங்கி எதிர் வராந்தாகூடத் தெரியவில்லை. செய்தியைச் சொல்ல ஓடிய பையன் படியில் வழுக்கி விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டான். அந்தக் காயம் ஆறுவதற்குள் இந்த மடலை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

பெயர் போட்டு எழுதினால் கட்டாயம் யாராவது விடுபடுவார்கள். கல்யாணப் பத்திரிகையில் விடுபட்ட தாய்மாமன் கதையாகிவிடும். ஆகவே ஒருவர் பெயரும் இதில் இல்லை. படிக்கும்போது தாங்கள்தான் என்று உங்களுக்கே தெரியும்.

முதல் நன்றி, எங்கள் முதல் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பியவர்களுக்கு.

பன்னாட்டு அமெச்சூர் வானொலி ஒன்றியம் 1925-ல் பாரிஸில் தொடங்கப்பட்டது. உலகெங்கும் ஹாம்கள், அதாவது உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக வானொலியில் பேசும் அமெச்சூர்கள், ஏவும் செயற்கைக்கோள்கள் ஒன்றின் குரலை ஒன்று மிதிக்காமல் பார்த்துக்கொள்ள அதற்கு ஒரு குழு உண்டு. அதில் இருப்பவர்கள் தன்னார்வலர்கள். அவரவர் வேலை முடிந்து, சாப்பிட்டு, பிள்ளைகளைத் தூங்கவைத்த பிறகு எங்களைப் போன்றவர்களின் விண்ணப்பங்களைப் படிக்கிறார்கள் என்றே நினைத்துக்கொள்கிறேன். அவர்கள் பங்கிட்டுத் தர வேண்டிய இடமோ மிகக் குறுகியது. 2 மீட்டர் பட்டை எனப்படும் அலைவரிசைத் துண்டில் செயற்கைக்கோள்களுக்குப் பெரும்பாலும் 145.8 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரைதான். கொடைக்கானல் பண்பலை தான் ஒருத்திக்காக எடுத்துக்கொள்ளும் அகலம் ஏறத்தாழ அவ்வளவு இருக்கும். அடுத்த வீடு 435 முதல் 438 மெகாஹெர்ட்ஸ் வரை. அங்கேயும் நாம் குடிக்கூலிக்காரர்கள்தான். முதன்மை உரிமை உள்ளவர்களுக்கு இடைஞ்சல் தரக் கூடாது.

இவ்வளவும் இப்போது தெரிகிறது. அன்றைக்குத் தெரிந்திருந்தால் அப்படி ஒரு விண்ணப்பத்தை அனுப்பியிருப்பேனா? தேயிலைத் தோட்டங்களில் மண் ஈரத்தை அளக்கும் கருவிகளை நட்டு, அவை சொல்லும் அளவுகளைச் செயற்கைக்கோள் வழியே திரட்டுவது எங்கள் திட்டம். ஒரு தோட்ட நிர்வாகம் பணம் தர முன்வந்தது. அளவுகள் தங்களுக்கு மட்டுமே கிடைக்க வேண்டும், மற்றவர்கள் படிக்க முடியாதபடி பூட்டி அனுப்ப வேண்டும் என்று கேட்டது. நானும் தலையாட்டினேன். பணம் தருகிறவர் கேட்பதில் தவறில்லை. ஹாம் அலைவரிசையைக் கேட்டு விண்ணப்பித்துக்கொண்டே அதற்கு ஒப்புக்கொண்டது என் தவறு.

பதில் நான்கு கேள்விகளாக வந்தது. இந்தச் செயற்கைக்கோளால் உலகின் மற்ற ஹாம்களுக்கு என்ன பயன்? தொலையளவுச் செய்தியை, அதாவது கோள் அனுப்பும் அளவுகளை, யார் வேண்டுமானாலும் பிரித்துப் படிக்க முடியுமா? பணம் தருபவருக்கு இதில் ஆதாயம் உண்டா? தேவைப்பட்டால் கோளின் பரப்பியை (டிரான்ஸ்மிட்டரை) உடனே நிறுத்த எத்தனை கட்டளை நிலையங்கள் வைத்திருக்கிறீர்கள்? கடுஞ்சொல் ஒன்றுகூட இல்லை. எனக்குத்தான் முகம் சிவந்தது. வகுப்பில் நான் கேட்க வேண்டிய கேள்விகளை வேறொருவர் வந்து கேட்டுவிட்டுப் போனது போல இருந்தது.

ஒவ்வொன்றுக்கும் பின்னால் சட்டம் இருக்கிறது. பணநோக்கம் இல்லாமல் கற்கவும் பழகவும் சோதித்துப் பார்க்கவும் என்றுதான் அமெச்சூர் சேவையைப் பன்னாட்டு வானொலி விதிகள் வரையறுக்கின்றன. செய்தியின் பொருளை மறைக்கும்படி குறியாக்கம் செய்யக் கூடாது. செயற்கைக்கோளுக்குத் தரையிலிருந்து போகும் கட்டளைக்கு மட்டும் விலக்கு. விண்ணில் ஏவுவதற்கு முன்பே, இடையூறு எழுந்தால் உடனே வாயை மூடவைக்கப் போதுமான கட்டளை நிலையங்கள் தரையில் தயாராக இருக்க வேண்டும். இந்தக் கடைசி விதியைப் படித்துவிட்டு என் மாணவி ஒருத்தி சொன்னாள்: "மேடம், பேசவைக்க ரெண்டு வருஷம் யோசித்தோம். நிறுத்துவதற்கு ஒரு நாள்கூட யோசிக்கவில்லை." அன்று மாலையே நிறுத்தும் கட்டளைக்கான சுற்றை அவள் வரையத் தொடங்கிவிட்டாள்.

ஈரக்கருவிகள் போயின. பணமும் போனது. இப்போது எங்கள் கோளில் இருப்பது, எந்த நாட்டு ஹாம் அனுப்பும் சிறு செய்தியையும் வாங்கித் திருப்பி ஒலிபரப்பும் ஒரு டிஜிபீட்டர். மின்கல அழுத்தம், வெப்பம் முதலான அளவுகளைப் பிரித்துப் படிக்கும் முறையை முழுதாக வெளியிட்டுவிட்டோம். போன பணத்தை ஈடுகட்டிய பழைய மாணவர்களே, உங்களுக்குத் தனி மடல் வரும். இங்கே எழுதினால் யார் எவ்வளவு தந்தார்கள் என்ற பேச்சு கிளம்பும்.

கேட்ட எண் எங்களுக்குக் கிடைக்கவில்லை. சற்றுத் தள்ளி வேறொன்று தந்திருக்கிறார்கள். ஒரே ராக்கெட்டில் போகும் சின்னக் கோள்கள் பல நாள் ஒன்றையொட்டி ஒன்றாகத்தான் சுற்றும். இரண்டுக்கும் ஒரே எண் இருந்தால் தரையில் கேட்பவருக்குச் சந்தைக்கடை இரைச்சல்தான் மிஞ்சும். இதையெல்லாம் கணக்குப் பார்த்துத்தான் எங்களை நகர்த்தினார்கள் என்பது பிறகு புரிந்தது. பையன்களுக்கு அந்தப் பழைய எண்ணின் மேல் ஒரு பாசம் இருந்தது. சட்டையிலேயே அச்சடித்துவிட்டார்கள். அந்தச் சட்டைகளை இனி ஆய்வுக்கூடம் துடைக்க வைத்துக்கொள்ளலாம்.

குன்னூர்ப் பெரியவரே, உங்களுக்கு. ஒருங்கிணைப்பு என்பது உரிமம் ஆகாது, உரிமம் தருவது அரசுதான் என்று எனக்கு முதலில் சொன்னது நீங்கள். தொலைத்தொடர்புத் துறையின் வானொலித் திட்டமிடல் பிரிவுக்கு எப்படி எழுத வேண்டும், அங்கிருந்து ஜெனீவாவில் உள்ள பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்துக்குத் தகவல் எப்படிப் போகும் என்று ஒரு பழைய நாட்குறிப்பின் பின்பக்கத்தில் படம் போட்டுத் தந்தீர்கள். அந்தத் தாள் இன்னும் என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. தில்லியில் மூன்று முறை தொலைபேசியில் பொறுமையாகப் பேசிய அந்த அலுவலருக்கும் நன்றி. உங்கள் படம் இல்லாமல் அவரிடம் என்னால் சரியான கேள்வி கேட்டிருக்க முடியாது.

விண்ணப்பத்தில் உரிமம் பெற்ற ஹாம் ஒருவரின் அழைப்புக்குறி வேண்டும் என்றபோது, "இரவல் குறி வேண்டாம், நீங்களே தேர்வு எழுதுங்கள்" என்று என்னைத் துரத்தியதும் நீங்கள்தான். நாற்பத்தாறு வயதில், இரண்டு மாணவர்களோடு மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறிச் சென்னை போய்த் தேர்வு எழுதினேன். மோர்ஸ் தந்திக்குறி தேவைப்படாத கீழ்நிலை உரிமம்தான், வி.யு.3 என்று தொடங்கும் குறி. உங்கள் மேல்நிலை வி.யு.2-க்கு முன்னால் அது கைக்குழந்தை. இருந்தாலும் முதல் முறை என் குறியைச் சொல்லி அழைத்து உங்கள் பதில் வந்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

இந்திய ஹாம் செயற்கைக்கோளான ஹாம்சாட்டின் கதையை நீங்கள் சொன்ன மாலையை மாணவர்கள் மறக்க மாட்டார்கள். 2005 மே 5, பி.எஸ்.எல்.வி. சி6. கார்ட்டோசாட்-1 உடன் ஏறிப்போன 42.5 கிலோ எடையுள்ள சின்னக் கோள். உள்ளே, தரையிலிருந்து வரும் குரலை வாங்கித் திருப்பி அனுப்பும் இரண்டு டிரான்ஸ்பாண்டர்கள். ஒன்று இந்திய ஹாம்கள் செய்தது, மற்றது நெதர்லாந்து மாணவர் ஒருவர் செய்தது. மாடியில் நின்று கையால் ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பி அதன் வழியே பேசியதையும், 2014 ஜூலையில் அது ஓய்ந்துபோன பிறகும் பழக்கத்தில் அந்த நேரத்துக்கு மாடி ஏறியதையும் சொன்னீர்கள். துஷ்டி வீட்டைப் பற்றிப் பேசுவது போலத்தான் இருந்தது.

அடுத்து, ஊட்டி அருகே முத்தோரை ரேடியோ தொலைநோக்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஐயாவுக்கு. மலைச்சரிவு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்த இடம் பார்த்து 530 மீட்டர் நீளத்தில் அதை நிறுத்தியிருக்கிறார்கள் என்று பாடம் நடத்தியிருக்கிறேன், 326.5 மெகாஹெர்ட்ஸில் கேட்கிறது என்பதும் தெரியும். கேட்பதற்கு எவ்வளவு அமைதி வேண்டும் என்பதை நீங்கள் வந்த பிறகுதான் அறிந்தேன். எங்கள் தரைநிலையத்தில் எந்தக் கோளும் சரியாகக் கேட்கவில்லை என்று புலம்பினோம். ஆன்டெனா, கேபிள், பெருக்கி என்று எல்லாவற்றையும் சந்தேகப்பட்டோம். நீங்கள் ஒரு கைவானொலியோடு தேயிலைச் செடிகளுக்கு நடுவே நடந்தீர்கள். "வானத்தைக் கேட்க உட்கார்ந்தவன் முதலில் பக்கத்து வீட்டைத்தான் கேட்பான்" என்றீர்கள். இரைச்சல் கூடக் கூட அந்தத் திசையில் நடந்து ஒரு மாட்டுக்கொட்டகையில் போய் நின்றீர்கள். அங்கே ஒரு மலிவு எல்.இ.டி. பல்பு எரிந்துகொண்டிருந்தது.

பாட்டி, இனி உங்களுக்குத்தான். அந்தக் கொட்டகை உங்களுடையது. சிறுத்தை நடமாட்டம் இருக்கும் ஊரில் கொட்டகை விளக்கை அணை என்று எந்த முகத்தோடு கேட்பது? நாங்கள் கேட்கத் தயங்கி வாசலில் நின்றோம். நீங்கள் வரக்காப்பி கொடுத்துவிட்டு, "எவ்வளவு நேரம்?" என்று மட்டும் கேட்டீர்கள். ஒரு கடப்பு, அதாவது ஒரு கோள் எங்கள் வானத்தைக் கடந்து போவது, பத்துப் பன்னிரண்டு நிமிடம் என்றோம். "அது பால் கறக்கிற நேரம்" என்று சிரித்தீர்கள். அன்று முதல் கடப்பு நேரங்களை எழுதிய தாள் உங்கள் அடுப்படியில் ஒட்டியிருக்கிறது. விளக்கு அணைந்திருந்த நேரமெல்லாம் டார்ச்சோடு கன்றின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்கள் என்பதை உங்கள் பேரன் சொல்லித்தான் அறிந்தோம். மறுவாரமே நல்ல பல்பு ஒன்று வாங்கி மாட்டிவிட்டோம். ஆனாலும் நீங்கள் இன்னும் நேரம் பார்த்து அணைக்கிறீர்கள். அணைக்க வேண்டியதில்லை பாட்டி, உண்மையாகவே வேண்டியதில்லை.

அந்தப் பழைய பல்பு அணைந்த முதல் இரவில்தான் விண்வெளி நிலையத்தின் 145.825 மெகாஹெர்ட்ஸ் செய்திகள் எங்களுக்குத் தெளிவாகக் கேட்டன. மேற்கே தொட்டபெட்டா மறைக்கிறது, 2,637 மீட்டர் மலையை நாம் ஒன்றும் செய்ய முடியாது. கிழக்கே நிலம் சரிந்து சமவெளி வரை திறந்து கிடப்பதால் அந்தப் பக்கம் இறங்கும் கோள்கள் கடைசி வரை கேட்கின்றன. நெருங்கி வரும்போது அலைவரிசை சற்றுக் கூடியும் விலகும்போது குறைந்தும் கேட்பதை மாணவர்கள் முதன்முதலாகத் தங்கள் கையால் திருப்பித் தொடர்ந்தார்கள். 435 மெகாஹெர்ட்ஸில் இந்த டாப்ளர் மாற்றம் இரண்டு பக்கமும் 10 கிலோஹெர்ட்ஸ் வரை போகும். டாப்ளர் என்றால் எனக்குப் பழனி மலைதான் நினைவுக்கு வரும். சூரியப் புள்ளியில் வாயு மையத்திலிருந்து வெளிப்புறமாக ஓடுகிறது என்பதை 1909-ல் வானியலாளர் எவர்ஷெட் கொடைக்கானலில் நிறமாலைக் கோடுகளின் இதே மாற்றத்தை வைத்துத்தான் கண்டுபிடித்தார். பாடத்தில் இதைச் சொன்னால் கொட்டாவி விடுகிறவர்கள் அன்றிரவு வீட்டுக்குப் போக மறுத்தார்கள்.

மற்றவர்களுக்குச் சுருக்கமாக. ஆன்டெனாக் கம்பத்துக்கு அடித்தளம் வைத்த வெல்டிங் அண்ணன். காட்டெருமை கேபிளை மிதித்துப் போட்ட மறுநாள் கேட்காமலேயே மண்வெட்டியோடு வந்து பள்ளம் தோண்டிய தோட்டத் தொழிலாளர்கள். இரவுக் கடப்புகளுக்குப் பிறகு மாணவிகளை வீட்டு வாசல்வரை கொண்டுபோய் விட்ட ஜீப் ஓட்டுநர். இரண்டாவது கட்டளை நிலையத்தைத் தங்கள் மாடியில் வைக்க ஒப்புக்கொண்ட கோயம்புத்தூர் ஹாம் நண்பர்கள். உங்கள் மாடி இல்லாவிட்டால் அந்த நான்காவது கேள்விக்கு எங்களிடம் இன்றைக்கும் பதில் இருந்திருக்காது.

கோள் இன்னும் மேசையில்தான் இருக்கிறது. பத்து சென்டிமீட்டர் கனசதுரம். அதிர்வுச் சோதனை, வெப்பச் சோதனை, ராக்கெட்டில் இடம் என்று எல்லாம் பாக்கி. அதில் மடிந்து சுருண்டிருக்கும் ஆன்டெனா, இரும்புக்கடையில் வாங்கிய எஃகு அளவுநாடாவை 17 சென்டிமீட்டர் நறுக்கியது. கடைக்கார அண்ணனே, நீங்கள் அதற்குப் பணம் வாங்க மறுத்தீர்கள். கல்லூரிக் கணக்கில் ரசீது இல்லாமல் ஒரு பொருள் நிற்க முடியாது என்று கணக்கர் என்னை மூன்று மாதமாகப் பிடுங்குகிறார். தயவு செய்து வரும் சனிக்கிழமை நான் வரும்போது ஒரு ரசீது எழுதிவையுங்கள்.

அன்புடன்,
இயற்பியல் டீச்சர்
கோத்தகிரி