மாமா கிணற்றுத் தண்ணீர் இரண்டு லிட்டர்

பாபு,

எட்டு மாசமாகப் பேசாததற்குத் திட்டுவதைத் திட்டி முடி, அப்புறம் படி. அம்மா நலம், மூட்டுவலி அப்படியே. பெரியவன் பிளஸ் ஒன். நானும் படிக்கிறேன். தோல் பதனிடுகிற டேனரியில் பத்தொன்பது வருஷம் கணக்கெழுதியது போதும் என்று வேலையை விட்டு, எம்.இ. சுற்றுச்சூழல் பொறியியல் சேர்ந்துவிட்டேன். சிரிக்காதே. சிவில் படித்துவிட்டுக் கணக்கெழுதப் போனபோதே சிரித்தாய், அது போதும்.

வகுப்புப் பசங்க லீவ் லெட்டரில் கார்டியன் கையெழுத்துக்கு என்னிடம்தான் வருகிறார்கள். இரண்டு போட்டுவிட்டேன், மூன்றாவதைப் படித்துப் பார்த்தால் அவன் பாட்டி ஏற்கனவே இறந்தவர்.

போன வாரம் லேப்பில் சி.ஓ.டி. சோதனை, தண்ணீரில் உள்ள அழுக்கை எரிக்க எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்று அளப்பது. கழிவுநீரோடு பொட்டாசியம் டைகுரோமேட்டும் கந்தக அமிலமும் சேர்த்து 150 டிகிரியில் 2 மணி நேரம் வைக்க வேண்டும். நல்ல ஆரஞ்சு நிறம். டேனரித் தண்ணீரை நீர்க்காமல் ஊற்றிவிட்டேன், கொஞ்ச நேரத்தில் குழாய் முழுக்கப் பச்சை. மேடம் திட்டினார்கள், என்னைவிடச் சின்னவர். எனக்குத் திட்டு ஏறவே இல்லை. ஆரஞ்சில் இருந்தது புற்றுநோய் தருகிற ஆறாம் நிலை குரோமியம். அழுக்கோடு வினைபுரிந்து மூன்றாம் நிலைக்கு இறங்கினால் பச்சை. தோலோடு ட்ரம்மில் போடுகிறார்களே, அந்த குரோம் பவுடரும் மூன்றாம் நிலைதான். மூட்டைக் கணக்கில் அதற்கு எத்தனை பில் போட்டிருப்பேன்!

குரோமையாவது சுண்ணாம்பு விட்டு அடியில் படிய வைத்துவிடலாம். உப்புதான்டா தூங்க விடமாட்டேன் என்கிறது. பச்சைத்தோல் அழுகாமல் இருக்கத் தடவுகிற உப்பு முதல் ஊறலிலேயே தண்ணீரில் இறங்கிவிடும். பாக்டீரியா தின்னாது, சுண்ணாம்புக்கும் படியாது, ஆர்.ஓ.வில் தள்ளி, மிச்சத்தைக் காய்ச்சி எடுக்க வேண்டும், எடுத்த உப்பை எங்கே கொட்டுவது? வெளியே விடும் நீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 2100 மில்லிகிராம் தாண்டக்கூடாது என்பது விதி. அந்தச் செலவையெல்லாம் ஒரே வரியில் எழுதி ஏட்டை மூடியவன் நான்.

மாசுபடுத்தியவனே ஈடுகட்ட வேண்டும் என்று 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு, நம்ம வேலூர் டேனரி வழக்கு, பாடத்தில் வருகிறது. பசங்களுக்கு அது இரண்டு மார்க். டேனரியை மூடிவிடுவார்களோ என்று அப்பா திண்ணையில் விடிய விடிய பீடி பிடித்த வருஷம் அது. அன்றைக்கு நீயும் நானும் டேனரி கட்சி, ஞாபகம் இருக்கிறதா?

இரண்டு வருஷம் சம்பளம் கிடையாது என்று லதாவிடம் சொல்ல மூன்று வாரம் ஆயிற்று. "முடித்ததும் யார் வேலை கொடுப்பார்கள்?" என்றாள். இன்னும் பதில் சொல்லவில்லை.

சரி, காரியத்துக்கு வருகிறேன். புல்லூர் தாண்டி ஆந்திராப் பக்கம் உங்க மாமா கிணறு இருக்கிறதே, அது டேனரிகளுக்கு மேலே, பாலாறு நம்ம பக்கம் வருவதற்கு முன்னால். எங்க கிணற்றோடு ஒப்பிட அந்தத் தண்ணீர் இரண்டு லிட்டர் வேண்டும். புது பாட்டில், அதே தண்ணீரில் மூன்று தடவை அலசி, வாய்வரை நிரப்பு. அத்தை கேட்டால் படிப்புக்கு என்று மட்டும் சொல், தீர்த்தம் கீர்த்தம் என்று அளந்துவிடாதே, ஊரே குடத்தோடு வந்து நிற்கும். பினாயில் பாட்டில் வேண்டவே வேண்டாம், உன்னை எனக்குத் தெரியும்.

சேகர்