கத்தோலிக்கர் ஓட்டை மொத்தமாகப் பேசலாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

கேரள அரசியல் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரை, 'கத்தோலிக்க ஓட்டு எந்தப் பக்கம் சாயும்?' என்று கேட்டிருந்தது. நான் எல்லைக்கு இந்தப் பக்கம் குலசேகரத்தில் கொஞ்சம் ரப்பர் வைத்திருக்கும் கத்தோலிக்கன். அப்படி ஒரு ஓட்டு மொத்தமாக எங்கும் இல்லை என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

கேரளத்தின் பாலா சட்டமன்றத் தொகுதியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1965 முதல் 2019-இல் இறக்கும்வரை கேரள காங்கிரஸ் தலைவர் கே.எம். மாணிதான் அங்கே ஜெயித்தார். அவருக்குப் பின் வந்த இடைத்தேர்தலில் இடதுசாரி அணியின் மாணி சி. காப்பன் வென்றார். 2021-இல் காப்பன் காங்கிரஸ் அணிக்கு வந்துவிட, மாணியின் மகன் ஜோஸ் கே. மாணி இடதுசாரி அணியில் நின்றார். மறுபடியும் காப்பன்தான். இருவருமே கத்தோலிக்கர்கள். மதத்தைப் பார்த்து ஓட்டுப் போடுகிறவர் அங்கே யாருக்குப் போடுவார்? கத்தோலிக்கத் திருச்சபை வீதிக்கு வந்து எதிர்த்த கல்வி மசோதாவை 1957-இல் கொண்டுவந்த கம்யூனிஸ்ட் அரசின் அமைச்சர் ஜோசப் முண்டசேரியும் கத்தோலிக்கர்தான்.

2023 மார்ச்சில் தலச்சேரி பேராயர் ஜோசப் பாம்ப்ளானி, ரப்பர் கிலோவுக்கு 300 ரூபாய் கொடுத்தால் கேரளத்தில் எம்.பி. இல்லாத குறையை பா.ஜ.க.வுக்குத் தீர்த்துவைப்போம் என்று பேசினார். விலை கேட்டது நியாயம். அப்போது கிடைத்தது அதில் பாதிதான். விடியுமுன் பால் வெட்டி, ஷீட் அடித்துக் காயவைத்துக் கடைக்குக் கொண்டுபோனால், வெட்டுக்கூலி போக என்ன மிஞ்சும் என்பது எங்களுக்குத் தெரியும். மழை பிடித்துக்கொண்டால் அதுவும் இல்லை. ஆனால் விசுவாசிகளின் ஓட்டை விலைக்கு ஈடாக வைக்கும் உரிமையை ஆயருக்கு யார் கொடுத்தது? அதே ஆண்டு மே மாதமே பா.ஜ.க. ஆண்ட மணிப்பூரில் தேவாலயங்கள் எரிந்தன. ரப்பர் விலையோடு அதையும் சேர்த்து யோசித்துத்தானே ஒரு கிறிஸ்தவர் ஓட்டுப் போடுவார்? எதற்கு எவ்வளவு கனம் என்பதை அவர்தான் முடிவு செய்யவேண்டும்.

அப்புறம், கடற்கரையில் இருக்கும், லத்தீன் வழிபாட்டு முறையைச் சேர்ந்த கத்தோலிக்கருக்கு ரப்பர் விலை ஒரு பிரச்சினையே இல்லை. 2022-இல் திருவனந்தபுரம் அருகே விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு எதிராக அவர்கள் போராடியது கடலரிப்பில் வீடு போனதால். எங்கள் குமரி மாவட்டத்திலும் மலையோரத் தேவாலயப் பங்குக்கு ஒரு கவலை, கடலோரப் பங்குக்கு வேறு கவலை. ஞாயிறு பூசை முடிந்து வாசலில் நின்று பேசும்போது ஒரே வீட்டு அப்பாவும் மகனும் ஆளுக்கொரு கட்சியைச் சொல்வதை நான் கேட்டிருக்கிறேன்.

2024 மக்களவைத் தேர்தலில் திருச்சூரில் பா.ஜ.க.வின் சுரேஷ் கோபி 74,686 ஓட்டு வித்தியாசத்தில் வென்றதும், கத்தோலிக்கர் மாறிவிட்டார்கள் என்று பலர் எழுதினார்கள். மாறியவர்களும் இருப்பார்கள், மாறாதவர்களும் இருப்பார்கள். அதற்காக ஒரு சமூகத்தையே ஒரு கட்சியின் கணக்கில் எழுதிவைத்தால் நாளைக்கு எல்லாக் கட்சியும் ஆயர் இல்லத்துக்குப் போய் பேரம் முடித்துவிட்டு, எங்கள் தெருப்பக்கம் வராமலே இருந்துவிடும்.

அடுத்த தேர்தலுக்கு உங்கள் நிருபர் கேரளத்துக்குப் போனால், ஆயர் இல்லத்தோடு திரும்பாமல் ரப்பர் கடைக்கும் மீன் ஏலக் கூடத்துக்கும் போய், அங்கே நிற்பவர்களிடமும் கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
குலசேகரம், கன்னியாகுமரி மாவட்டம்