பாச்சை உருண்டை யோசனை வேண்டாமே

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் வீட்டுத்தோட்டப் பகுதியில், கீரைப் பாத்தியைப் பக்கத்து வீட்டுப் பூனைகள் அசுத்தம் செய்கின்றன, என்ன செய்யலாம் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். பாத்தியைச் சுற்றிப் பாச்சை உருண்டை போடுங்கள், பினாயில் தெளியுங்கள், மிளகாய்த்தூள் தூவுங்கள் என்று பதில் வந்திருந்தது. ஆடிப்பட்டம் நெருங்குகிறது. உங்கள் இதழைப் பார்த்துத் தோட்டம் போடுகிறவர்கள் இதை அப்படியே செய்துவிடுவார்களே என்ற பதைப்பில்தான் எழுதுகிறேன்.

பாச்சை உருண்டை துணி பீரோவுக்கானது. அதில் இருப்பது நாப்தலீன். பாத்தியோரம் போட்டால் மண்ணிலும் கலக்கும். அந்த மண்ணில் முளைக்கும் அரைக்கீரையைத்தான் நாம் கடைந்து சாப்பிடப் போகிறோம். போதாக்குறைக்கு, பார்க்க மிட்டாய் மாதிரி இருக்கிறது. சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அதைத் தரையில் உருட்டி விடலாமா? பினாயில் இதைவிட மோசம். அதிலுள்ள ஃபீனால் வகைப் பொருள்களை உடைத்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. தெளித்த இடத்தில் நடந்துவிட்டு வழக்கம்போலப் பாதத்தை நக்கினாலே விஷம் உள்ளே போய்விடும். ஜீவாமிர்தம், பஞ்சகவ்யம் என்று இயற்கை உரங்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும் இதழுக்குள் பினாயில் எப்படி நுழைந்ததோ! மிளகாய்த்தூள் ஒரு தூறலுக்குத் தாங்காது. தாங்கும் வரை பூனைக்குக் கண் எரியும், களை எடுக்கும் நமக்குக் கை எரியும்.

சொட்டு நீலம் கலந்த தண்ணீர் பாட்டிலையும் யாராவது அடுத்த இதழில் சொல்லக்கூடும். எங்கள் தெருவில் பாதி வீட்டு வாசலில் அது இருக்கிறது. பூனை அதை ஒட்டியே படுத்துத் தூங்குகிறது. எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல் வாசனை பூனைக்குப் பிடிக்காது என்பது உண்மைதான். ஆனால் நம் ஊர் வெயிலில் தோல் காய்ந்து, வாசனை போய், அதுவும் குப்பையோடு குப்பையாகிவிடும்.

பூனைக்கு வேண்டியது காய்ந்த, பொலபொலவென்ற, தோண்ட எளிதான மண். கீரை விதைக்க நாம் என்ன செய்கிறோம்? கட்டி உடைத்து, சலித்து, விதையோடு மணல் கலந்து தூவி, மேலே மெல்லிசாக மண் போடுகிறோம். அதற்கென்றே கழிப்பறை கட்டிக் கொடுத்தாலும் இவ்வளவு வசதியாக இருக்காது. மாடித்தோட்டத்தில் நாம் பைகளில் நிரப்பும் தென்னை நார்க்கழிவு, சில கடைகளில் வீட்டுப் பூனைகளின் கழிவுத் தட்டுக்கென்றே விற்கப்படுகிறது. அப்புறம் பூனை மாடி ஏறி வராமல் என்ன செய்யும்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இயற்கை முறையில் தோட்டம் போடுகிறவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. மீன் கழிவையும் வெல்லத்தையும் ஊறவைத்து மீன் அமிலம் செய்து ஊற்றுகிறோம். எலும்புத் தூளைக் கைப்பிடி கைப்பிடியாகப் போடுகிறோம். மீன் கழுவிய தண்ணீர் ரோஜாவுக்கு நல்லது என்று வேறு ஊற்றுகிறோம். இவ்வளவும் செய்துவிட்டு, பூனை வந்து கிளறுகிறதே என்றால் எப்படி? மீன் அமிலத்தை விடச் சொல்லவில்லை. விதைத்த புதிதில் அந்தப் பாத்தியில் வேண்டாம். வேப்பம் புண்ணாக்கும் மட்கிய சாண உரமும் அப்போதைக்குப் போதும். குப்பைமேனியையும் கவனிக்க வேண்டும். அந்தச் செடியை வேரோடு பிடுங்கிப் பாத்தியிலேயே போட்டுவிட்டு வந்தால், பூனைகள் தேடி வந்து வேரை நக்கி அதன்மேல் புரளும். பூனைவணங்கி என்ற பெயரே அதற்கு உண்டு. பிடுங்கியதை அப்போதே அள்ளி அகற்றிவிடுவது நல்லது.

சரி, தடுப்பது எப்படி? தோண்ட முடியாமல் செய்துவிட்டால் பெரும்பாலும் அதுவே போதும். கிராமத்தில் நாற்றங்காலைக் கோழி கிளறாமலிருக்க மேலே முள் வெட்டிப் போடுவார்கள். நகரத்தில் கருவேல முள்ளுக்கு எங்கே போவது? எலுமிச்சை, காகிதப்பூச் செடிகளைக் கவாத்து செய்யும்போது விழும் முள் கிளைகளைச் சேர்த்து வைத்துக்கொள்ளலாம். முள் வேண்டாம் என்பவர்களுக்குக் கோழி வலை இருக்கிறது. ஒரு அங்குலக் கண் உள்ள வலையைப் பாத்தி அளவுக்கு வெட்டி, மண்ணின்மேல் படுக்கையாக விரித்து, விளிம்பைக் கீழ்ப்பக்கம் மடக்கி, வளைத்த கம்பியால் அங்கங்கே குத்திவிட வேண்டும். மேலே லேசாக மண் தூவினால் வெளியே தெரியாது. பூனை கால் வைத்ததும் நகம் வலையில் இடறும். இங்கே வேலைக்காகாது என்று போய்விடும். விதை வலைக் கண் வழியே முளைத்து வரும். வெண்டை, கத்தரி என்றால் தண்டு தடிக்கும் முன் அந்த இடத்தில் வலையை வெட்டி விலக்கிவிட வேண்டும், மறந்தால் தண்டை அறுத்துவிடும். கீரை ஒரு சாண் வளர்ந்து மண்ணை மூடிவிட்டால் வலையே தேவையில்லை. அடர்ந்து நிற்கும் செடிகளுக்குள் பூனை உட்காராது. பைகளுக்கும் தொட்டிகளுக்கும் வலைகூட வேண்டாம். தேங்காய் மட்டைத் துண்டுகளை நார் மேலே தெரிய நெருக்கமாக அடுக்கினால் ஈரமும் காயாது. பச்சை நிழல்வலையை வாங்கி ஏமாற வேண்டாம். பூனை அதன்மேல் ஏறிப் படுத்தால் செடிதான் சாயும்.

பாத்தியை மூடினால் அது வேறு எங்காவது போகத்தானே வேண்டும்? நாம் அடைத்துவிட்டால் அடுத்த வீட்டுக் கொல்லைக்குப் போகும், அங்கேயும் ஒருவர் பினாயிலோடு நிற்பார். அதனால் நம் இடத்திலேயே ஆள் நடமாட்டம் இல்லாத மூலையில், மழை படாமல் சன்ஷேடுக்கு அடியில், பழைய டப் ஒன்றில் அரை அடிக்கு மணல் போட்டு வைக்க வேண்டும். பாத்தியில் கிடந்த கழிவில் கொஞ்சத்தை மண்ணோடு அள்ளி முதலில் அதில் போட்டால், மோப்பம் பிடித்து அங்கே வந்துவிடும். பழைய இடத்து மண்ணையும் ஒரு கொத்து ஆழத்துக்கு எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் வாசனை தேடிப் பாத்திக்கே திரும்பும். டப்பைத் தினமும் காலையில் சுத்தம் செய்வது அருவருப்பான வேலைதான். அழுக்கு டப்பைப் பூனை சீண்டாது என்பதால் வேறு வழியில்லை. அள்ளிய கழிவைக் காய்கறிக்கான மட்கு உரக் குழியில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.

காரணம் டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி. எலி, குருவி தின்று திரியும் பூனைக்கு, குறிப்பாகக் குட்டிகளுக்கு, முதல்முறை தொற்றும்போது ஒன்று முதல் மூன்று வாரம் வரை கழிவில் அதன் முட்டைகள் வெளியேறும். அவை வெளியே வந்த உடனே தொற்றாது. ஒன்று முதல் ஐந்து நாளில்தான் தொற்றும் நிலைக்கு வரும். தினமும் அள்ளச் சொல்வது இதனால்தான். அள்ளாமல் விட்டால் ஈர மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். பூனையைத் தொட்டாலே வரும் நோய் என்று பயப்பட வேண்டாம். கர்ப்பிணிகள் அந்த மண்ணைத் தொடாமலிருப்பதும், மற்றவர்கள் கையுறை போடுவதும், வேலை முடிந்து சோப்புப் போட்டுக் கை கழுவுவதும் அவசியம். வேகவைக்கும் கீரையில் கவலையில்லை. கொத்தமல்லி, புதினாவைப் பச்சையாகச் சட்னி அரைக்கிறோமே, அதை ஓடும் தண்ணீரில் நன்றாக அலச வேண்டும். சென்ற இதழின் பதிலில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

எங்கள் பக்கம் இன்னொரு வழக்கம் உண்டு. பூனையைக் கொன்றால் பாவம் என்று, சாக்கில் கட்டிக் கொண்டுபோய் மீன் மார்க்கெட்டில் விட்டுவிட்டு வருவது. காலியான இடத்துக்கு வேறொரு பூனை வரும், இல்லாவிட்டால் விட்டதே திரும்பி வந்து நிற்கும். பட்டினி கிடக்கும் நிலையில் பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். விஷம் வைத்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆவது பிரிவில் ஐந்தாண்டு வரை சிறை இருக்கிறது.

உண்மையில் இது குடும்பக் கட்டுப்பாட்டு விஷயம். பெட்டைப் பூனை ஐந்தாறு மாதத்திலேயே சினைக்குத் தயாராகிவிடும். ஒன்பது வாரத்தில் குட்டி போடும். கருத்தடை செய்யாத கடுவன் செடியிலும் சுவரிலும் மூத்திரத்தைப் பீய்ச்சி அடிக்கும் நாற்றம் எந்த வலைக்கும் அடங்காது. அறுவை செய்துவிட்டால் அது பெரும்பாலும் நிற்கும். எங்கள் தெருவில் பால் சோறு வைக்கும் அக்காவிடம் இதைத்தான் பேசினோம். தினமும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் சோறு, அவர் வீட்டுப் பக்கவாட்டில் ஒரு மணல் டப், கருத்தடைச் செலவில் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கும் பங்கு. "நீங்களும் காசு போடுறீங்கன்னா சரி" என்றார். நியாயம்தானே! சென்னையில் இருப்பவர்கள் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரிக்கலாம். மற்ற ஊர்க்காரர்கள் அருகிலுள்ள அரசு கால்நடை மருத்துவமனையில் கேட்கலாம்.

அடுத்த இதழில் அந்தப் பாச்சை உருண்டை, பினாயில் குறிப்புகளைத் திரும்பப் பெற்று, அதே பக்கத்தில் அதே அளவு எழுத்தில் ஓர் அறிவிப்பு வெளியிட வேண்டுகிறேன். ஆடி பிறப்பதற்குள் வந்தால் பயன்படும். பூனைக் கழிவு கலந்த மண்ணில் காய்கறி பயிரிடுவது பற்றிக் கால்நடை மருத்துவர் ஒருவரிடம் கட்டுரை கேட்டு வாங்கிப் போட்டால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
மாடித்தோட்ட வாசகி,
சேலையூர், சென்னை