அளவு கொடுத்துக் கேட்ட கோல்ப் அயன் செட் (இரும்புத் தலை மட்டைகள்) அளவு மாறி வந்தமை: நான்காவது முறைப்பாடு

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
கொழும்பு.

ஐயா,

முதல் மூன்று கடிதங்களுக்கும் "உங்கள் முறைப்பாடு பதிவு செய்யப்பட்டுள்ளது" என்ற ஒரே வரிதான் பதில். பதிந்ததை யாராவது வாசித்தீர்களா என்பதுதான் தெரியவில்லை. ஆகவே மறுபடியும் மரியாதையாகவே எழுதுகிறேன்.

உங்கள் படிவம் கேட்ட அளவு எல்லாம் கொடுத்தாயிற்று. மணிக்கட்டிலிருந்து தரைக்கு 31 அங்குலம், டிரைவர் (தூரத்துக்கு அடிக்கும் நீள மட்டை) வீச்சு மணிக்கு 84 மைல். அதைப் பார்த்து 7 அயன் 36½ அங்குலம், லை (தரைக்கும் தண்டுக்கும் இடையிலான கோணம்) 2 பாகை தட்டை, ஆர் ஷாப்ட் (நடுத்தர விறைப்புள்ள தண்டு), ஸ்விங் வெயிட் (வீசும்போது தலைப் பக்கம் உணரும் பாரம்) டி1 என்று எழுதித் தந்தது உங்கள் ஆட்கள்தான். பற்றுச்சீட்டிலும் அப்படியே இருக்கிறது. பெட்டியைத் திறந்தால் 37½ அங்குலம், ஸ்டாண்டர்ட் லை, எஸ் ஷாப்ட் (இன்னும் விறைப்பானது), டி4. வழக்கமான 37 அங்குலத்தில் அரை அங்குலம் குறைக்கச் சொன்ன இடத்தில் அரை அங்குலம் கூட்டியிருக்கிறீர்கள்.

இதன் விளைவு உங்களுக்குத் தெரியாததல்ல. நீளம் ஓர் அங்குலம் கூடினால் லை சுமார் 2 பாகை நிமிர்ந்துவிடும். கேட்ட 2 பாகைத் தட்டையும் இல்லை, ஆக மொத்தம் 4 பாகை. அடியில் டேப் ஒட்டி லை போர்டில் (தரைப் பலகையில்) அடித்தால் தண்டுக்குக் கிட்டிய ஹீல் பக்கம் மட்டுமே தேய்கிறது, எதிர்முனையான டோ தரையைத் தொடவே இல்லை. வலக்கைக்காரருக்குப் பந்து இடது பக்கம் போகும். லொப்ட் (முகத்தின் சாய்வு) கூடிய மட்டையில் இன்னும் மோசம். மரங்களுக்கு நடுவே ஒடுங்கிய பாதையாக ஓடும் நுவரெலியா மைதானத்தில் இடது பக்கம் போன பந்தைத் தேடித்தான் எடுக்க வேண்டும்.

இதைச் சொன்னதற்குத்தான் உங்கள் தொலைபேசிப் பிரிவில் ஒருவர், "அண்ணன், இவ்வளவு தெரிஞ்ச ஆள்தானே, நீங்களே வாளால அறுத்துப் போடுங்களேன்" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். பக்கத்தில் இன்னொருவர் சிரித்ததும் கேட்டது.

சரி, அறுத்தே பார்ப்போம். கிரிப் (கைப்பிடி) பக்கம் ஓர் அங்குலம் வெட்டினால் ஸ்விங் வெயிட் ஆறு புள்ளி இறங்கி டி4 சி8 ஆகும் (டி0க்கு அடுத்துக் கீழே சி9). டி1க்குக் கொண்டுவர ஒரு புள்ளிக்கு 2 கிராம் வீதம் ஒவ்வொரு தலையிலும் 6 கிராம் ஏற்ற வேண்டும். கிரிப்பைக் கத்தியால் கிழித்தால் செட்டில் உள்ள ஆறு மட்டைக்கும் புதுக் கிரிப். ஷாப்ட் எஸ், வெட்டினால் இன்னும் விறைப்பாகும். மிஞ்சுகிற 2 பாகை லையை வளைக்க வேண்டும். இவை வார்ப்பு எஃகுத் தலைகள், ஃபோர்ஜ் செய்ததைப் போல (அடித்து உருவாக்கியதைப் போல) இலகுவில் வளையாது, ஹோசலில் (தண்டு பொருந்தும் கழுத்தில்) வெடிப்பு வரலாம். வெடித்தால் யார் பொறுப்பு? வாளைத் தூக்கச் சொன்னவரா?

வெட்ஜ் (கிட்டத்துக்கு உயர்த்தி அடிக்கிற மட்டை) கதை தனி. பிட்சிங் வெட்ஜ் லொப்ட் 43 பாகை, அதன் பிறகு 49, 55 என்று ஆறு ஆறு பாகையாகக் கேட்டது. 49 வரவே இல்லை. 55க்குப் பதில் 56 வந்தது, அதுவும் பவுன்ஸ் (மட்டையின் அடிப்பாகச் சரிவு) 6 பாகை. 43க்கும் 56க்கும் இடையில் 13 பாகை ஓட்டை, அதாவது இரண்டு மட்டைக்கும் நடுவே 30, 35 யார் இடைவெளிக்கு மட்டையே இல்லை. மழை ஊறிய மெத்தைப் புல்லில் 6 பாகை பவுன்ஸ் வழுக்கிப் போகாது, மண்ணைத் தோண்டிக்கொண்டு நிற்கும். 12 பாகை என்று கேட்டதே அதற்காகத்தான். "உயரமான இடத்தில பந்து தூரம் போகும்தானே, இருக்கிறதை வச்சு அடிங்க" என்று அதே ஆள் சொன்னார். 6,000 அடிக்கு மேல் பந்து 6, 7 சதவீதம் கூடுதலாகப் போவது உண்மைதான். எல்லா மட்டையிலும் ஏறக்குறைய அதே விகிதத்தில் கூடுவதால் இடைவெளி பெருக்குமே தவிரக் குறையாது. காலைக் குளிரில் பந்து குளிர்ந்திருந்தால் அந்தக் கூடுதலும் குறைந்துவிடும்.

பிறகு "மட்டையோட நேரில வாங்க, லை மெஷின்ல பார்ப்போம்" என்றீர்கள். ஹட்டன், அவிசாவளை வழியாக பஸ்ஸில் பாதி நாள், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு. வந்து சேர்ந்தால் மெஷின் ஆள் லீவு. ஒரு போன் எடுத்துச் சொல்ல முடியாதா? கவுண்டரில் அளவு நாடாகூட இல்லை. கோல்ப் மட்டை விற்கிற கடையில் அளவு நாடா இல்லை, ஐயா!

முதலிலேயே எழுதியிருக்க வேண்டியது ஒன்று: 6 அயன் தலை ஆடுகிறது. ஃபெரூல் (தலையும் தண்டும் சேரும் இடத்து வளையம்) 2 மில்லிமீற்றர் மேலே ஏறி நிற்கிறது, ஆட்டினால் உள்ளே கடகடவென்கிறது. எபோக்சிப் பசை காய ஒரு நாள் முழுக்க விடாமல் பொதி செய்தால் இப்படித்தான் ஆகும். அந்தத் தலை கழன்று பறந்தால் முன்னால் நிற்கும் கேடியின் (மட்டைப் பை சுமப்பவரின்) மண்டையில்தான் விழும். இதை ஓர் உயிர் விஷயமாக எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற எல்லாவற்றையும் விட இதுதான் அவசரம்.

3 இலட்சத்து 85 ஆயிரம் ரூபா கட்டி, ஏப்ரல் சீசன் முழுதும் நாசமாய்ப் போய்விட்டது. அதை எந்தக் காசாலும் ஈடுசெய்ய முடியாது.

தயவுசெய்து 14 நாட்களுக்குள் பற்றுச்சீட்டில் உள்ளபடி புதிய செட்டை அனுப்புங்கள். ஒவ்வொரு மட்டைக்கும் நீளம், லொப்ட், லை, ஸ்விங் வெயிட் அளந்த தாள் கூடவே வர வேண்டும். இல்லையேல் முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள். இரண்டும் நடக்காவிட்டால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் விவகார அதிகார சபைக்குப் பற்றுச்சீட்டு, டேப் படங்கள், அழைப்பு வந்த நேரங்கள் எல்லாம் பதிவுத் தபாலில் போகும். சிரித்தவர் பெயரை எழுத்தில் தர வேண்டும், அவர் மன்னிப்பும் எழுத்தில்தான் வர வேண்டும். அதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மட்டைகள் பெட்டியில் அப்படியே இருக்கின்றன, ஒன்றையும் அறுக்கவில்லை. எடுத்துப்போக நீங்கள்தான் ஆள் அனுப்ப வேண்டும்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்,
நுவரெலியா.