எடைக் கணக்கோடு வெப்பக் கணக்கும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் வெளிவந்த ஹைட்ரஜன் சேமிப்பு பற்றிய கட்டுரை, மக்னீசியம் உலோகம் ஹைட்ரஜனை ஏற்று உருவாகும் சேர்மமான மக்னீசியம் ஹைட்ரைடின் எடையில் 7.6 சதவீதம் ஹைட்ரஜன் என்று சரியாகவே குறிப்பிட்டிருந்தது. ஆனால் அந்தச் சேர்மத்தை ஆய்வகத்தில் உருவாக்கும் பாடும், உள்ளே போன வாயுவைத் திரும்பப் பெறும் செலவும் சொல்லப்படாததால், படிக்கும் மாணவர் அதை வசதியான ஒரு வாயு உருளை என்றே எண்ணிக்கொள்வார்.

பாடநூலில் இது ஒரு வரிச் சமன்பாடு. ஆய்வகத்திலோ, மக்னீசியத்தின் மேல் எப்போதும் படிந்திருக்கும் ஆக்சைடு படலம் ஹைட்ரஜனுக்கு வழிவிடுவதில்லை. அதைக் கடந்து வினை தொடங்கினாலும், முதலில் உருவாகும் ஹைட்ரைடே துகளைச் சுற்றி ஓடுபோல மூடிக்கொண்டு, உள்ளிருக்கும் உலோகத்தை வாயு எட்டவிடாமல் செய்துவிடுகிறது. 1951-இல் தனிமங்களிலிருந்து நேரடியாக இதைத் தயாரித்தபோது சுமார் 200 வளிமண்டல அழுத்தமும், 500 டிகிரி செல்சியஸ் அளவிலான வெப்பமும், வினையூக்கியாக மக்னீசியம் அயோடைடும் தேவைப்பட்டன. இன்று எஃகுக் குண்டுகள் உருளும் அரவைக் கலனில் உலோகத்தை மணிக்கணக்கில் அரைத்து, படலத்தை உடைத்துப் புதுப்பரப்பை வெளிக்கொணர்கிறார்கள். அந்த நுண்தூள் காற்றுப் பட்டாலே தீப்பற்றக்கூடியது என்பதால் வினைபுரியாத ஆர்கான் வாயு நிரப்பிய பெட்டிக்குள்தான் கையாள முடியும்.

வெப்பக் கணக்கு இதைவிட முக்கியமானது. ஒரு மோல் (சுமார் 2 கிராம்) ஹைட்ரஜன் மக்னீசியத்தோடு சேரும்போது ஏறத்தாழ 75 கிலோஜூல் வெப்பம் வெளியேறுகிறது; வாயுவை மீட்கும்போது அதே வெப்பத்தைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். அந்த ஹைட்ரஜனை எரித்துக் கிடைப்பது சுமார் 242 கிலோஜூல் என்றால், மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான ஆற்றல் மீட்பதற்கே போய்விடுகிறது. அதுவும் 300 டிகிரியை ஒட்டிய வெப்பநிலையில்தான் ஒரு வளிமண்டல அழுத்தத்தில் வாயு வெளிவரும். ஹைட்ரஜனைச் சேமிக்கும் மற்றொரு பொருளான லாந்தனம் நிக்கல் உலோகக்கலவை எடையில் 1.4 சதவீதமே ஏற்றாலும், அறை வெப்பநிலையிலேயே ஏற்கவும் விடவும் செய்கிறது. எடையை மட்டும் பார்த்தால் இந்த உலோகக்கலவை தோற்றுப்போன பொருளாகவே தெரியும்.

மக்னீசியத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. வீணாகும் உயர்வெப்பம் கிடைக்கும் ஆலைகளில், ஓரிடத்தில் நிலையாக வைக்கும் சேமிப்புக்கு அது நல்ல பொருள் என்றே கருதுகிறேன். இனி இத்தகைய கட்டுரைகளில் சதவீதத்தின் அருகிலேயே வெப்பநிலை, அழுத்தம் ஆகிய இரு எண்களையும் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
மதுரை.