இரண்டாவது மாத்திரை

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். போன வாரம் நீ போனில் எம்டிஎம்ஏ, அதாவது எக்ஸ்டசி என்கிற போதை மாத்திரை பற்றிக் கேட்டபோது பேச்சை மாற்றிவிட்டேன். வேதியியல் வாத்தியாராகவே காலம் தள்ளியவன், சொந்தப் பிள்ளையின் கேள்விக்கு நழுவிவிட்டேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

அதை 1912-ல் ஜெர்மனியில் மெர்க் கம்பெனி வேதியியலர் ஆன்டன் கோலிஷ் உருவாக்கினார். போதைக்காக அல்ல, இரத்தப்போக்கை நிறுத்தும் மருந்தைத் தேடிப் போன வழியில் கிடைத்த இடைப்பொருள் அது. ஆம்ஃபெட்டமின் என்கிற ஊக்கமருந்தின் பென்சீன் வளையத்தோடு, இரண்டு ஆக்சிஜன் உள்ள ஒரு குட்டி வளையம் ஒட்டியிருக்கும். அந்த ஒட்டு வந்ததும் குணமே மாறிவிடுகிறது. ஆம்ஃபெட்டமின் முக்கியமாக, மூளையில் செய்தி கடத்தும் டோபமினையும் நார்அட்ரினலினையும் கிளப்பும். எம்டிஎம்ஏ எல்லாவற்றையும்விட அதிகமாக, அதே வகையைச் சேர்ந்த செரட்டோனினை.

நரம்பணு வெளியே விட்ட செரட்டோனினைத் திரும்ப உள்ளே இழுக்க ஒரு புரதம் இருக்கிறது. எம்டிஎம்ஏ அதையே எதிர்த்திசையில் ஓடவைக்கும். சேர்த்து வைத்ததெல்லாம் வெளியே கொட்டும். கண்ணில் படுகிறவர்கள் எல்லோர் மேலும் பாசம் பொங்குவது அதனால்தான். பாசம் பொய் என்று நான் சொல்லவில்லை, ஆனால் அது கையிருப்பிலிருந்து போகிற செலவு.

உன் சிநேகிதர்கள் ஒன்று சாப்பிட்டு, போதவில்லை என்று இன்னொன்று போடுகிறார்கள் என்றாயே, எனக்குப் பயம் அங்கேதான். இதைச் சிதைக்கிற கல்லீரல் நொதிகளில் முக்கியமானது சிஒய்பி2டி6. அந்த நொதியை இந்த மருந்தே முடக்கிவிடுகிறது. அது மீண்டு வர நாள்கணக்காகும். அதனால் இரண்டாவது மாத்திரை முதலாவதைப் போலச் சிதையாது. இரத்தத்தில் அளவு எதிர்பார்ப்பதைவிட அதிகமாக ஏறும். உடல் சூடு எகிறும். சூட்டுக்குப் பயந்து குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாலும் ஆபத்து. சிறுநீரை அடக்கும் ஹார்மோனை இது தூண்டுவதால், உள்ளே போன தண்ணீர் தங்கி, இரத்தத்தில் சோடியம் இறங்கி, மூளை வீங்கலாம்.

"சுத்தமான சரக்கு" என்கிறார்களாம். பிஎம்ஏ என்று இதற்கு ஒரு பங்காளி உண்டு, இதன் பேரிலேயே மாத்திரையாகக் கைமாறும். மெதுவாக ஏறும், விஷம் அதிகம். வேலை செய்யவில்லையே என்று அடுத்ததைப் போட்டுச் செத்தவர்கள் இருக்கிறார்கள். ஆய்வகத்திலேயே குப்பி மாறியிருக்கிறது, தம்பி. 2002-ல் 'சயன்ஸ்' இதழில் எம்டிஎம்ஏ பற்றி வந்த ஒரு குரங்கு ஆய்வை அடுத்த வருஷமே திரும்பப் பெற்றார்கள். கொடுத்தது மெத்தாம்ஃபெட்டமினாம், லேபிள் தவறு! அங்கேயே அப்படியென்றால், சட்டைப்பையில் வருகிற மாத்திரைக்கு யார் பொறுப்பு?

நீ சாப்பிட்டாயா என்று இந்தக் கடிதத்தில் கேட்கவில்லை. சொல்லத் தோன்றினால் சொல், திட்ட மாட்டேன். அம்மாவிடமும் இன்னும் பேசவில்லை.

அப்புறம் ஒன்று. உன் அறைத்தோழன் மனச்சோர்வுக்கு மாத்திரை எடுக்கிறான் என்றாயே, அதன் பெயர் என்ன? எம்ஏஓ தடுப்பான் வகை என்றால், அதோடு இது சேர்ந்தால் உயிரே போகும். பெயரை உடனே எழுதி அனுப்பு.

அப்பா